சொல்லச் சொல்ல வரைந்த முகம்

சென்னை
20.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பானுமதி எழுதுகிறேன். எனக்குச் சளி விட்டுவிட்டது, வேறு குறையில்லை. நீயும் தர்ஷினியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் மாமியாருக்கு முழங்கால் வலி தேவலையா? தக்காளி இந்த முறையாவது கைக்கு வந்ததா?

இந்தச் செய்தியைப் போனில் கத்திச் சொல்லத்தான் ஆசை. ஆனால் இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "வெச்சுடறேன் பானு, அவரு கூப்பிட்டா லைன் கெடைக்காது" என்று வைத்துவிடுவாய். போர்வெல் வண்டியில் வடக்கே வேலைக்குப் போன சென்றாயன் மாமா, ராய்ப்பூர் பக்கம் டீ குடிக்க இறங்கித் திரும்பி வராமல் போய் ஏழு வருடம் ஆகப்போகிறது. நீ அந்தப் பழைய பட்டன் போனை இன்னும் அவருக்காகக் காலியாகவே வைத்திருக்கிறாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நாம் சண்டை போடுவதும் குறைவு.

விஷயம் இதுதான். என்னுடைய ஐந்து முகங்களையும் இங்கே ஓர் ஓவியக் காலரி எடுத்துக்கொண்டது. முப்பத்தைந்து வயதில் எனக்கு முதல் தனிக் கண்காட்சி! உன்னைப் போல் வடக்கே போனவர்களுக்காகக் காத்திருக்கும் ஐந்து பெண்கள் சொல்லச் சொல்ல நான் கரிக்கோலால் வரைந்த முகங்கள். போட்டோவைப் பார்க்கக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட விதி. மற்ற நான்கு பேரும் ஆள் கிளம்பிய அன்றைக்கு இருந்த முகத்தைச் சொன்னார்கள். நீ ஒருத்திதான், "அன்னைக்கு இருந்த மாதிரியேவா இன்னமும் இருப்பாரு? காது மேல நரை போடு. கன்னம் ஒட்டட்டும்" என்று வயதைக் கூட்டிக்கொண்டே வந்தாய். புருவத் தழும்பை எத்தனை முறை அழிக்க வைத்தாய்! அந்த ஐந்தில் மாமா படத்துக்குத்தான் உயிர் இருக்கிறது என்று காலரியில் எல்லோரும் சொல்கிறார்கள்.

செப்டம்பர் ஆறாம் தேதி திறப்பு. நீ வந்தே ஆக வேண்டும். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
பானு


மாரண்டஹள்ளி
29.8.2024

அன்புத் தங்கை பானுவுக்கு அக்காவின் ஆசிகள்.

பெருமாள் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் கேடில்லை. அத்தையின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. நீ வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே.

தக்காளியைக் கேட்டாய். பாலக்கோடு மண்டியில் சீந்துவாரில்லை. பாதியை மாட்டுக்குக் கொட்டினேன், மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கண்காட்சிக்கு நான் வரவில்லை. நான் அந்தப் பக்கம் பஸ் ஏறிய பிறகு இந்தப் பக்கம் அவர் வந்து இறங்கினால் வீடு பூட்டிக் கிடக்குமே. சிரிக்காதே. தர்ஷினிக்கு அவர் போனபோது மூன்று வயது. இப்போது பத்து. வாசலில் அவர் வந்து நின்றால் அவளுக்கு அடையாளம் தெரியாது. யாரோ என்று அனுப்பிவிடுவாள். தெரிந்தவள் ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், செய். படத்துக்குக் கீழே காணாமல் போனவர் என்று எழுதாதே. வேலைக்குப் போனவர் என்று எழுது. அதுதானே நிஜம்.

நன்றாக நடக்கட்டும். சாமிக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
சுகுணா


மாரண்டஹள்ளி
12.9.2024

பானு,

ஆசி எழுத மனசு வரவில்லை. உடம்புக்கு என்ன, அது கிடக்கிறது.

திங்கட்கிழமை காலையில் வெளியே யாரோ மாரில் அடித்துக்கொண்டு வரும் சத்தம். கம்பைநல்லூரிலிருந்து நம் கண்ணம்மாள் பெரியம்மா. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். "எஞ்சாமி, போயிட்டியா! பொண்டாட்டி புள்ளைய இப்படி வுட்டுட்டுப் போயிட்டியா!" யார் வீட்டுச் சாவோ என்று நானும் பதறி ஓடினேன். வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டி ஆட்கள். ஒருவர் மாலையோடு வந்திருந்தார்.

உன் கண்காட்சிப் படம் பேப்பரில் வந்து, அதை யாரோ ஊர் வாட்சப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். நானும் பார்த்தேன். நடுவில் அவர் முகம். கீழே குத்துவிளக்கு எரிகிறது. விளக்கைச் சுற்றி மல்லிகைச் சரம். பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் தலை குனிந்து நிற்கிறாள். பக்கத்தில் நீ கை கூப்பிக்கொண்டு. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று எவன் படிக்கப்போகிறான்? ஒரு மனுஷன் படத்துக்குக் கீழே எப்போது விளக்கு வைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? நீ கம்பைநல்லூரில் பிறந்தவள்தானே?

அத்தை மயங்கி விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பினால், "அவன் கொழுந்தியாளே வெளக்கு வெச்சுட்டா. இன்னும் என்னாத்துக்குடி வாசலையே பாத்துக்கிட்டு நிக்கறே?" என்று கேட்டாள். அவருடைய அண்ணன் பெரியண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஏழு வருடமாக இந்த வீட்டில் நான் ஒருத்தி சொல்லிச் சொல்லி அவரை உயிரோடு வைத்திருந்தேன். நீ ஒரு தீப்பெட்டியில் முடித்துவிட்டாய். படத்தை இறக்கு.

சுகுணா


சென்னை
20.9.2024

அக்கா,

உன் உடம்பு எப்படி, அத்தை எழுந்து நடமாடுகிறார்களா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். எழுது.

எந்தக் கண்காட்சியையும் இங்கே விளக்கேற்றித்தான் திறப்பார்கள். கல்யாண மண்டபம் திறப்பதுபோல அதுவும் ஒரு மங்கல காரியம் என்றுதான் நினைப்பு. வெளிச்சம் நன்றாக விழும் இடம் பார்த்து விளக்கை வைத்தார்கள். அந்த இடத்தில் இருந்தது மாமா படம். எல்லோரும் கை தட்டினார்கள், நான் சிரித்துக்கொண்டு நின்றேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி எனக்குத் தோன்றியிருந்தால் விளக்கை நகர்த்தியிருப்பேன். தோன்றவில்லை. என் கண் இந்த ஊர்க் கண்ணாகிவிட்டது. வேறு சாக்கு என்னிடம் இல்லை.

படத்தை இறக்கிவிட்டேன். பெரியண்ணன் மாமாவுக்கும் எழுதினேன். பதில் இல்லை. உங்கள் வீட்டுக்கு வர பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன்.

இன்னொன்று. இப்போது எழுதுவது தப்பு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பிப்ரவரியில் தில்லியில் ஒரு பெரிய ஓவியச் சந்தை. நாடு முழுவதிலிருந்தும் காலரிகள் கடை போடுவார்கள். ஐந்து முகங்களையும் கேட்டிருக்கிறார்கள். ஐந்தும் சேர்ந்தால்தான் எடுப்பார்களாம். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் மாம்பழமும் மயிலும் வரையச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இது இனி வராது. விளக்கு இருக்காது, பூ இருக்காது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

உன் தங்கை,
பானு


மாரண்டஹள்ளி
4.11.2024

பானுவுக்கு,

தீபாவளி வந்தது, போனது. தர்ஷினிக்குத் துணி எடுத்தேன். பண்டம் சுடவில்லை. நீ சாப்பிட்டாயா, புதுத்துணி கட்டினாயா என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனது கோபத்தால் மட்டும் இல்லை. பெரியண்ணன் மாமா மகளுக்கு வைகாசியில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பேப்பர் படத்தைப் பார்த்துவிட்டு, "சாவு வுழுந்த வூட்ல கருமாதி பண்ணாம எப்படிங்க பந்தக்கால் நடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். ஜோசியரும் அதையே சொல்லிவிட்டார். உடம்பு கிடைக்காத சாவுக்கு வைக்கோலில் ஆள் கட்டி எரிப்பார்களே, அதைச் செய்துவிட வேண்டுமாம். எரித்துவிட்டு என் தாலியை வாங்க வேண்டுமாம்.

பெரியண்ணன் மாமா கெட்டவர் இல்லை. என் எதிரில் நிமிர்ந்து பேச முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "எம் பொண்ணு காரியம்மா" என்றார். நான், "உங்க தம்பி உசுரு, மாமா" என்றேன்.

உயிரோடு இருப்பவரை நான் எப்படி எரிப்பேன்?

தில்லியைப் பற்றிக் கேட்டாய். முதலில் உன் கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் தோன்றியது. பிறகு யோசித்தேன். அவர் போனதும் வடக்குத்தானே. நாடு முழுவதிலிருந்தும் வருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவர் முகத்தை எங்கேயோ பார்த்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இல்லாமலா போய்விடுவார்? கொண்டு போ. யாராவது அவர் படத்தின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றால் விடாதே, கேள். பாஷை தெரியாவிட்டாலும் கையைப் பிடித்துக் கேள்.

பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் போதும், இங்கே எல்லாம் நின்றுவிடும்.

உன் அக்கா,
சுகுணா


சென்னை
12.2.2025

அன்பு அக்காவுக்கு,

நேற்றுத்தான் தில்லியிலிருந்து வந்தேன். அங்கே நல்ல குளிர், உதடெல்லாம் வெடித்துவிட்டது. மற்றபடி சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

சந்தை ரொம்பப் பெரிது. தர்ஷினிக்குச் சொல், நம் வாரச்சந்தையைப் போல நூறு மடங்கு. ஆனால் யாரும் கூவுவதில்லை, எல்லாம் கிசுகிசுப்புத்தான். பெண்கள் எவ்வளவு பேர் வந்திருந்தார்கள் தெரியுமா! ஒருத்தி சீப்பில் வந்த தலைமுடியையே நூலாக்கி ஜாக்கெட் தைத்து மாட்டியிருந்தாள். இன்னொருத்தி தன் வீட்டுச் சமையலறைச் சுவரைக் கரிப்பிசுக்கோடு பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். பக்கத்துக் கடையில் ஒரு பெண், பழைய சேலைகளைத் தைத்துத் தைத்து ஒரு நதியே செய்திருந்தாள். அவள் மாமா படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

சாப்பாடுதான் சரியில்லை. ரொட்டி ரொட்டியாகத் தின்று அலுத்துவிட்டது.

பேப்பரில் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள். மாமா படத்தை ஓர் அருங்காட்சியகம் கேட்டது. தரவில்லை. கடைசி நாளுக்கு முன்னாலேயே அதைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். காலரிக்காரர்களுக்கு என் மேல் கோபம்.

தர்ஷினி நன்றாகப் படிக்கட்டும். வேறொன்றும் இல்லை.

பானு


மாரண்டஹள்ளி
20.2.2025

பானுவுக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

உதட்டுக்கு வெண்ணெய் தடவு.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரொட்டியைப் பற்றி எழுதியிருக்கிறாய், கரிப்பிசுக்கைப் பற்றி எழுதியிருக்கிறாய். சேலை தைத்த பெண் ரொம்ப நேரம் நின்றாள் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் சோற்றுக்குப் போய்விட்டாய். நின்றவள் என்ன சொன்னாள்? நீ கேட்டாயா, கேட்கவில்லையா? எல்லோரும் விரும்பிக் கேட்கிற படத்தை ஏன் பாதியில் இறக்கினாய்?

சின்ன வயதில் பால் பாத்திரத்தை உருட்டிவிட்டு வந்து, பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருப்பாய். அந்தப் பேச்சு எனக்குத் தெரியும்.

உடனே எழுது.

சுகுணா


மாரண்டஹள்ளி
8.3.2025

பானு,

உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து, நானே போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டேன். மூன்று நாள் கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை.

பங்குனி அமாவாசைக்கு நாள் குறித்துவிட்டார்கள். இருபத்தொன்பதாம் தேதி, ஏரிக்கரையில். சவரம் செய்பவருக்கும் சொல்லியாகிவிட்டது. அத்தை நேற்று ராத்திரி என் காலடியில் உட்கார்ந்து, "எனக்கும் வயசாயிருச்சு ஆத்தா. எம் புள்ளைக்கு ஒரு வாய் எள்ளுத்தண்ணி எறைச்சுட்டுப் போறேன், வுடு" என்று அழுதாள். பெற்றவளே கொள்ளி வை என்கிறாள். நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி வேண்டாம் வேண்டாம் என்கிறேன். தெருவில் போனால் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

பெரியண்ணன் மாமாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். யாராவது அவரைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் நிறுத்துவீர்களா என்று. "கல்யாணமே நின்னாலும் சரிம்மா, நிறுத்திடறேன்" என்று தர்ஷினி தலையில் கை வைத்துச் சொன்னார்.

ஒரு வார்த்தைதான் பானு. அந்தச் சேலைக்காரி என்ன சொன்னாள்? தெரியாது என்றால் தெரியாது என்றாவது எழுது. என்னால் முடியவில்லை. கிணற்றுப் பக்கம் போகாமல் இருப்பதே தர்ஷினிக்காகத்தான்.

அக்கா


சென்னை
24.3.2025

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு அருகதை இல்லை.

அந்தப் பெண்ணுக்கு ஊர் ராய்ப்பூர். மாமா படத்தைப் பார்த்ததும், "இவர் எங்கள் இட்லி அண்ணா ஆயிற்றே" என்று சிரித்தாள். தன் போனில் தேடி எடுத்துக் காட்டினாள். தள்ளுவண்டி, ஆவி பறக்கும் இட்லிக் குண்டான், கரண்டியோடு மாமா. பக்கத்தில் தட்டு கழுவும் ஒரு பெண். அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

வேறு யாராகவோ இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. உன் கடிதங்கள் வந்தபோது அழுதேனே தவிர எழுத வரவில்லை. நீ போனில் கூப்பிட்ட அந்த நாட்களில் நான் ரயிலில் இருந்தேன். ராய்ப்பூர் போனேன்.

என்னைப் பார்த்ததும் கரண்டி கையோடு அப்படியே நின்றுவிட்டார். ஓடவில்லை. "சுகுணா நல்லாருக்கறாளா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"அதை நீங்க கேக்கலாமா மாமா?" என்றேன்.

வண்டியை அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு என்னோடு ரோட்டோரம் வந்தார். "ஓடிப்போவணும்னு எறங்கல பானு. வண்டியில மேஸ்திரியோட சண்டை, அடிச்சுட்டான். அவமானமா இருந்துச்சு. ரெண்டு நாள் போவட்டும், போன் பண்ணலாம்னு இருந்தேன். ரெண்டு நாளு ஒரு மாசம் ஆயிருச்சு. ஒரு மாசம் ஆனப்புறம் என்னான்னு சொல்லிப் பேசறது? ஒரு வருஷம் ஆனப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது? அப்புறம் இவ வந்துட்டா" என்றார்.

வைக்கோலில் ஆள் கட்டி அவருக்குக் கருமாதி செய்யப் பேசிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். "செஞ்சுடச் சொல்லு. அவளுக்கும் ஒரு முடிவு வேணுமில்ல" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் வரைந்த படத்தைப் போனில் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "இந்த நரையை யாரு சொன்னது?" என்றார். அக்கா சொன்னாள் என்றேன். அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் யாரோ இட்லி கேட்டு வந்தார்கள். எழுந்து போய்விட்டார். நானும் வந்துவிட்டேன்.

சொன்னால் நீ உடைந்துபோவாய். சொல்லாவிட்டால் உயிரோடு இருப்பவருக்காக உன் தாலியை வாங்கிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இத்தனை நாள் கோழையாக இருந்துவிட்டேன். அந்தச் சேலைக்காரி காட்டிய போட்டோவை வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். பெரியண்ணன் மாமாவிடம் காட்டு. அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். சடங்கு நின்றுவிடும்.

நான் அமாவாசைக்கு வரட்டுமா? வா என்று போனில் ஒரு சொல் சொல்.

பானு


மாரண்டஹள்ளி
2.4.2025

பானுவுக்கு அக்காவின் ஆசிகள்.

நானும் குழந்தையும் இருக்கிறோம். அத்தை இரண்டு வாய் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். நீ அழுதுகொண்டே இருக்காதே, கண் கெட்டுவிடும். உனக்குக் கண்தான் பிழைப்பு.

உன் கடிதம் அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம் வந்தது. மாட்டுக்கொட்டகையில் நின்று படித்தேன். எங்கேயோ அடிபட்டுக் கிடக்கிறார், நினைவு தப்பி அலைகிறார், யாரோ கட்டிப்போட்டு வேலை வாங்குகிறார்கள் என்று நினைத்து நினைத்து எத்தனை நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இட்லி அவித்துக்கொண்டிருந்தார்.

போட்டோவைப் பார்த்தேன். அந்தக் குழந்தைக்குத் தர்ஷினியின் நெற்றி.

கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பெரியண்ணன் மாமா வீட்டுக்குத்தான் ஓடினேன். நான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்ட வார்த்தை கையில் வந்துவிட்டதே. அவர் களத்தில் தனியாக உட்கார்ந்து வைக்கோலில் ஆள் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடியில் வழிகிறது, துடைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். "என்னம்மா? சேதி ஏதாச்சும் வந்துச்சா?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அதைப் பிரித்துப் போட்டிருப்பார். பெண்ணின் கல்யாணத்தையும் நிறுத்தியிருப்பார்.

நான் அந்த வைக்கோல் ஆளைப் பார்த்தேன். "குட்டையா இருக்குதுங்க மாமா. அவரு ஒசரம். இன்னும் ஒரு முழம் சேத்துக் கட்டுங்க" என்றேன்.

மறுநாள் எரித்தோம். தாலியை யாரும் தொட விடவில்லை, நானே கழற்றிக் கொடுத்தேன். அழுதேன், பானு. ஏழு வருடத்தில் ஒரு நாளும் அப்படி அழவில்லை. அழுதால் அவருக்கு ஆகாது என்று அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. தர்ஷினியும் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா செத்துவிட்டார் என்று அழுதால் ஒரு நாள் தீரும். அப்பா நம்மை வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்று அழ ஆரம்பித்தால் அவளுக்கு எப்போது தீரும்?

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். இருக்கிறது. ஆனால் எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். படத்தை யார் கேட்டாலும் கொடுத்துவிடு. எனக்கு அதைப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. ஏரிக்கரையிலிருந்து திரும்பியதும் அத்தை என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நேத்து வரைக்கும் உசுரோட இருக்கறான், இருக்கறான்னு மல்லுக்கு நின்னியே. இன்னைக்கு நீயே கழட்டிக் குடுத்துட்டே. யாருடி உனக்குச் சொன்னது எம் புள்ள செத்துட்டான்னு?" என்று கேட்டாள். பெற்றவள் அல்லவா, கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"பானு எழுதியிருக்கறா அத்தை. நேருலயே போயிட்டு வந்திருக்கறா" என்றேன்.

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். போட்டோவையும். ராய்ப்பூரில் காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரியில் உயிர் போனதாகவும், அங்கேயே ஆற்றங்கரையில் எரித்ததாகவும் சொல்லியிருக்கிறேன். கூட வேலை செய்தவர்கள் நல்லபடியாகச் செய்தார்களாம். வைகாசிக் கல்யாணத்துக்கு நீ வர வேண்டியிருக்கும். அத்தை உன்னைத் தனியாக அழைத்து உட்கார வைத்து எல்லாம் கேட்பாள். கடைசியில் முகம் எப்படி இருந்தது என்று கேட்பாள். தூங்குவது போல இருந்தது என்று சொல்லிவிடு.

உன் அக்கா,
சுகுணா